தோல் வெள்ளைத்தாள் அன்று: பச்சையும் மச்சமும் நீக்கும் சீரொளி மருத்துவம்

எழுதியதை அழிக்கும் கருவிகள் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் புதியன அல்ல. கரும்பலகைக்குத் துடைப்பான், பென்சில் எழுத்துக்கு அழிப்பான், மை எழுத்துக்கு வெண்ணிறத் திரவம் என ஒவ்வோர் எழுத்துக்கும் ஒன்று நம் கைவசம் உள்ளது. 1960களில் அமெரிக்க இயற்பியலாளர் ஆர்தர் ஷாலோ இவ்வரிசையில் இன்னொன்றையும் சேர்த்துக் காட்டினார். தட்டச்சுத் தாளில் பிழையாக விழுந்த எழுத்தின்மீது லேசர் எனப்படும் சீரொளியை அவர் ஒரு கணம் பாய்ச்சினார். மை ஆவியாகி மறைந்தது, தாள் கருகவில்லை. கரிய மை ஒளியை உறிஞ்சிச் சூடேறியது. வெண்தாளோ அவ்வொளியைத் திருப்பி அனுப்பிவிட்டது. இதே உண்மையை விளக்க அவர் மற்றொரு காட்சியையும் நடத்துவார். நிறமற்ற பலூன் ஒன்றின் உள்ளே கருநீலப் பலூன் இருக்கும். சிவப்புச் சீரொளி வெளிப்பலூனை ஊடுருவிச் சென்று உள்ளிருக்கும் பலூனை மட்டும் வெடிக்கச் செய்யும். வெளிப்பலூனுக்கு ஒன்றும் நேராது.

ஷாலோ 1981இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவருடைய சீரொளி அழிப்பான் கடைகளில் விற்பனைக்கு வரவில்லை. ஆயினும் அதற்கு அடிப்படையான கருத்து இன்று மருத்துவமனைகளில் உலவுகிறது. உடலில் குத்திய பச்சையையும், முகத்தில் படிந்த கருந்திட்டுகளையும் நீக்கும் சீரொளிக் கருவிகள் அக்கருத்தின்மீதே இயங்குகின்றன.

எனினும், கருவி வளர்ந்த அளவுக்கு அதைப் பற்றிய தெளிவு மக்களிடையே வளரவில்லை. ‘ஒளியைக் காட்டினால் போதும், ரப்பரால் அழித்ததுபோல் மறைந்துவிடும்’ என்று நம்பிச் சென்று, தழும்போடும் வெண்திட்டோடும் திரும்புவோர் உள்ளனர். ஒளி எவ்வாறு தோலைக் கிழிக்காமல் மையைத் தேடிச் செல்கிறது? அது ஏன் ஒரே நாளில் முடிவதில்லை? நம்மைப் போன்ற பழுப்பு நிறத்தவரும் கருநிறத்தவரும் ஏன் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்? இம்மூன்று வினாக்களுக்கும் அடிப்படையான விடை ஒன்றே: நம் தோல் வெள்ளைத்தாள் அன்று. இதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

‘பச்சை’ என்னும் சொல் சொல்லும் அறிவியல்

உடலில் ஊசியால் மையேற்றி உருவம் வரைவதைத் தமிழர் ‘பச்சை குத்துதல்’ என்றனர். ஆனால், குத்தப்பட்ட மை பச்சையன்று. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியாவில் வழங்கிய முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவு செய்துள்ளார். மஞ்சள் தூளையும் அகத்தி இலையையும் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரிப்பர். மேலே கவிழ்த்த புதுச்சட்டியில் படியும் புகைக்கரியைச் சுரண்டியெடுத்து, நீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து மையாக்குவர். சரவாக் மாநிலத்து இபான் மக்கள் தோள்களில் பொறித்துக்கொள்ளும் ‘பூங்ஙா தெரோங்’ எனும் கத்தரிப்பூ வடிவத்துக்கும் மரபில் புகைக்கரியே மை.

கரி கருநிறமுடையது. அவ்வாறிருக்க, அது தோலுக்குள் சென்றபின் நீலம் கலந்த பச்சையாகத் தோன்றுவது ஏன்? வெள்ளொளி தோலின்மேல் விழும்போது, அதிலுள்ள நீல ஒளி அதிக ஆழம் செல்லாமல் சிதறி நம் கண்ணுக்குத் திரும்புகிறது. சிவப்பொளி ஆழமாகச் சென்று கரியால் உறிஞ்சப்படுகிறது. சிவப்பு குறைந்து நீலம் மிஞ்சுவதால், ஆழத்திலிருக்கும் கருமை நீலமாகவோ பச்சையாகவோ தெரிகிறது. நிறத்தை மட்டுமே கண்டு நம் முன்னோர் இட்ட பெயர், மை தோலின் மேற்பரப்பில் இல்லை, உள்ளே இருக்கிறது என்ற செய்தியையும் நமக்கு உணர்த்திவிடுகிறது. மருத்துவருக்கு இன்றும் இது பயன்படும் உண்மை. பழுப்பாகத் தோன்றும் புள்ளி பெரும்பாலும் மேலாகவும், நீலம் கலந்து தோன்றும் திட்டு ஆழமாகவும் இருக்கும்.

மை தங்கும் இடம்

நம் தோல் இரு முதன்மை அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேல்தோல். அதன் கீழே இருப்பது உட்தோல். மேல்தோலின் உயிரணுக்கள் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. மருதாணி சில நாள்களில் மங்குவதற்கு இதுவே காரணம். பச்சை குத்தும் ஊசியோ மேல்தோலைக் கடந்து உட்தோலில் மையை இறக்குகிறது. உட்தோல் அவ்வாறு உதிர்வதில்லை.

மை அங்கே எவ்வாறு தங்குகிறது? ‘பெருவிழுங்கிகள்’ எனப்படும் காவல் உயிரணுக்கள், வெளியிலிருந்து நுழைந்த மைத்துகள்களைப் பகையெனக் கருதி விழுங்குகின்றன. விழுங்கியதைச் செரிக்க அவற்றால் இயலாது. துகள்கள் அளவில் பெரியனவாதலால் அவற்றை எளிதில் அப்புறப்படுத்தவும் இயலாது. எனவே, மையைச் சுமந்தபடியே அவை அங்குத் தங்கிவிடுகின்றன. பிரான்சு நாட்டின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பான செய்தியைத் தந்தது. மை சுமக்கும் உயிரணு இறக்கும்போது மை வெளியே சிந்துகிறது; உடனே புதிய உயிரணு ஒன்று வந்து அதை மீண்டும் விழுங்குகிறது. ஆள் மாறினாலும் சுமை மாறுவதில்லை. ஒருவர் பதினெட்டு வயதில் குத்திய பெயர் எண்பது வயதிலும் நிலைத்திருப்பது இதனாற்றான்.

எனவே, பச்சையை நீக்குவது என்பது மையைத் தோலிலிருந்து நேராக எடுத்துவிடுவதன்று. பெரிய துகள்களைச் சிறு துகள்களாக உடைப்பது மட்டுமே ஒளியின் வேலை. உடைந்தவற்றைச் சிறிது சிறிதாகச் சுமந்து நிணநீர் வழியே அகற்றுவது உடலின் வேலை. சீரொளி கல் உடைப்பவர் எனில், கல் சுமப்பது நம் உடலே.

நிறமும் நேரமும்

தூண்டினால் ஒளி பெருகும் என்னும் கருத்தை 1917இல் ஐன்ஸ்டைன் வெளியிட்டார். 1960 மே 16ஆம் நாள் தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் சீரொளியை இயக்கினார். ஞாயிற்றின் ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கின்றன. சீரொளியில் ஒரே நிறம், அதாவது ஒரே அலைநீளம் மட்டும் உண்டு. சிதறாமல் ஒரே திசையில் செல்வதும் அதன் இயல்பு. 1963இல் சின்சினாட்டி நகரத் தோல் மருத்துவர் லியோன் கோல்ட்மன், மாணிக்கச் சீரொளி மனிதத் தோலில் ஏற்படுத்தும் விளைவுகளை ஆராய்ந்து வெளியிட்டார்.

எனினும், அடுத்த இருபது ஆண்டுகளில் மருத்துவர்கள் பெரிதும் பயன்படுத்திய சீரொளிகள் மையோடு தோலையும் சுட்டன. பச்சை போன இடத்தில் அதே வடிவில் தழும்பு நின்றது. தோலைச் சுரண்டுவது, உப்பால் தேய்ப்பது, அமிலம் தடவுவது, வெட்டித் தைப்பது ஆகிய பழைய முறைகளும் இதே விளைவையே தந்தன. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏட்டியஸ் என்னும் கிரேக்க மருத்துவர் உப்புத் தேய்ப்பைக் குறித்து எழுதியுள்ளார் என்றால், பச்சை குத்தியோரின் மனமாற்றம் எத்துணைப் பழமையானது என்பது விளங்கும்.

திருப்பம் 1983இல் நேர்ந்தது. பாஸ்டன் நகரின் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் ஆகிய இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கோட்பாட்டை வெளியிட்டனர். தேர்ந்தெடுத்த இலக்கை மட்டும் ஒளியால் சூடேற்றி அழிக்க இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்றனர்.

முதலாவது, நிறம். இலக்கு நன்றாக உறிஞ்சுகின்ற, சுற்றியுள்ள திசு குறைவாக உறிஞ்சுகின்ற அலைநீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பள்ளித் திடலில் கருஞ்சட்டை அணிந்தவருக்கு வெண்சட்டை அணிந்தவரைவிட வெயில் சுடுவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும்.

இரண்டாவது, நேரம். சூடேறிய பொருள் சுற்றுப்புறத்துக்குத் தன் வெப்பத்தைக் கடத்தத் தொடங்குமுன் ஒளி நின்றுவிட வேண்டும். அண்டா நிறைய உள்ள பாயசம் ஆற நெடுநேரம் ஆகும். கரண்டியில் எடுத்தது விரைவில் ஆறிவிடும். பொருள் சிறிதாகச் சிறிதாக அது ஆறும் நேரமும் குறைகிறது. குறுக்களவு பத்தில் ஒரு பங்கானால் ஆறும் நேரம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்காகும். மெலனின் என்னும் தோல் நிறமியைத் தாங்கும் நுண்பொதிகள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் அளவின. அவை ஒரு மைக்ரோவிநாடிக்குள் ஆறிவிடும். மைத்துகள்கள் அவற்றினும் சிறியன. அவற்றை உடைக்க நானோவிநாடி, பிகோவிநாடி அளவிலான துடிப்புகள் வேண்டும்.

ஒரு நானோவிநாடி என்பது ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளிகூட அந்நேரத்தில் 30 சென்டிமீட்டரே செல்லும். மாணவர் பையிலுள்ள அளவுகோலின் நீளம் அது. அத்துணைக் குறுகிய நேரத்தில் ஆற்றல் முழுவதும் மைத்துகளில் இறங்கும்போது, அது அதிர்ந்து உடைகிறது. 2012இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பச்சை நீக்கத்துக்கு முதல் பிகோவிநாடிச் சீரொளிக்கு இசைவளித்தது. அதன் துடிப்பு நானோவிநாடிக்கும் குறைவானது.

எந்த நிறத்துக்கு எந்த ஒளி

ஒரே கருவி எல்லா நிறங்களையும் நீக்கிவிடும் என்பது தவறான எண்ணம். கருப்பு மை எல்லா அலைநீளங்களையும் உறிஞ்சுவதால் நீக்குவதற்கு எளிது. அதற்குப் பெரும்பாலும் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள ‘என்டி யாக்’ சீரொளியைப் பயன்படுத்துவர். சிவப்பு மைக்கு 532 நானோமீட்டர் பச்சை ஒளி பொருந்தும். பச்சை, நீல மைகளுக்கு 694 நானோமீட்டர் மாணிக்கச் சீரொளியோ 755 நானோமீட்டர் அலெக்சாண்டிரைட் சீரொளியோ தேவைப்படும். இலக்கின் நிறத்துக்கு எதிர் நிறமான ஒளியே அதைத் தாக்கும் என மாணவர்கள் நினைவில் கொள்ளலாம்.

வெள்ளை, தோல்நிற மைகளில் எதிர்பாரா ஆபத்து உண்டு. அவற்றிலுள்ள டைட்டானியம் டையாக்சைடும் இரும்பு ஆக்சைடும் சீரொளி பட்டவுடன் கருத்துவிடக்கூடும். புருவத்திலும் உதட்டிலும் நிலையான ஒப்பனையாகக் குத்தப்படும் மைகளில் இவை கலந்திருப்பதுண்டு. நீக்கச் சென்றவர் கரிய உதட்டோடு திரும்பாதிருக்க, ஓர் ஓரத்தில் சிறு புள்ளியளவு சோதித்துப் பார்ப்பது முறை.

ஓர் அமர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 6 முதல் 8 வாரம் இடைவெளி விடுவது பொதுவான வழக்கம். உடைந்த துகள்களை உடல் சுமந்து செல்லவும், தோல் ஆறவும் அந்நேரம் வேண்டும். 10 அமர்வுகள் தேவையெனில் இடைவெளிகள் 9. ஆக, 54 முதல் 72 வாரம் ஆகும். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்னர் வந்து, பழைய பெயரை நீக்கித் தருமாறு கேட்பது இயலாத ஒன்றைக் கேட்பதாகும். இத்தாலியில் 352 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், 10 அமர்வுகளுக்குப்பின் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கும், 15 அமர்வுகளுக்குப்பின் 75 விழுக்காட்டினருக்கும் மட்டுமே பச்சை வெற்றியாக நீங்கியது. புகைபிடிப்போரிடம் வெற்றி வாய்ப்பு வெகுவாகக் குறைந்தது. இதயத்துக்குத் தொலைவான கை, கால் நுனிகளில் உள்ள பச்சை மெதுவாகவே மறையும். ‘மூன்றே அமர்வில் முற்றிலும் நீக்கம்’ எனும் விளம்பரத்தைக் காணும்போது இவ்வெண்களை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கவிஞர் கண்ட நீல மச்சம்

மையால் வந்த நிறத்தை இதுவரை கண்டோம். தோல் தானே உண்டாக்கும் நிறமாற்றங்களும் சீரொளி மருத்துவத்துக்கு வருகின்றன. அவற்றுள் ஆசிய மக்களிடம் மிகுதியாகக் காணப்படுவது ‘ஓட்டா மச்சம்’. முகத்தின் ஒரு பக்கத்தில், கண்ணைச் சுற்றியும் நெற்றியிலும் கன்னத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் இது படர்ந்திருக்கும். சிலருக்குக் கண்ணின் வெண்படலத்திலும் நிறம் ஏறியிருக்கும். பிறப்பிலேயோ பூப்பெய்தும் வயதிலேயோ தோன்றும், பெண்களிடம் மிகுதி. மேல்தோலில் இருக்க வேண்டிய நிறமி உயிரணுக்கள் உட்தோலில் தங்கிவிட்டமையே காரணம். புகைக்கரி பச்சையாகத் தெரிவது போலவே, பழுப்பு மெலனின் இங்கு நீலமாகத் தெரிகிறது.

இதனை 1939இல் விளக்கியுரைத்தவர் ஜப்பானியத் தோல் மருத்துவர் மசாவோ ஓட்டா. தம் நாட்டு இலக்கிய வரலாற்றில் இவர் ‘கினோஷிட்டா மொக்குத்தாரோ’ என்னும் புனைபெயரால் அறியப்படும் கவிஞரும் நாடக ஆசிரியரும் ஆவார். மொழியன்பர்களாகிய நாம் அறிந்து மகிழத்தக்க செய்தி இது.

நெடுங்காலம் ஓட்டா மச்சத்துக்கு ஒப்பனையால் மறைப்பதன்றி நல்ல வழி இல்லை. நானோவிநாடிச் சீரொளி வந்தபின் நிலைமை மாறியது. சில மாத இடைவெளிகளில் பல அமர்வுகள் செய்தால் பெரும்பாலோருக்குத் தழும்பின்றி நன்கு மங்குகிறது. கண்ணருகே மச்சம் உள்ளோர்க்குக் கண்ணழுத்த நோய் வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்பதால், கண் மருத்துவரையும் காண வேண்டும்.

ஆசிரியர்கள் இதை அறிந்திருத்தல் நலம். கண்ணைச் சுற்றி நீலம் படர்ந்த மாணவியைக் கண்டு ‘யார் அடித்தது?’ என்று வகுப்பில் கேட்டுவிட்டால், அவள் மனம் படும் பாடு பெரிது. பச்சிளங்குழந்தைகளின் இடுப்பின் பின்புறத்தில் தோன்றும் நீலத்திட்டும் அடிபட்ட காயமென்று தவறாகக் கருதப்படுவதுண்டு. அது பெரும்பாலும் வளர வளரத் தானே மறையும், சீரொளி தேவையில்லை.

நம் தோலின் நிறம்

இப்போது ஷாலோவின் தட்டச்சுத் தாளுக்குத் திரும்புவோம். அத்தாள் வெண்மையானது, ஆதலால் ஒளி மையை மட்டும் தாக்கியது. அதே தாள் பழுப்பு நிறமாயிருந்தால்? தாளும் ஒளியை உறிஞ்சியிருக்கும். ஒரு வேளை கருகியும் இருக்கும். இந்நிலையில்தான் நாம் இருக்கிறோம்.

நிறமி உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா இனத்தாரிடமும் ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனின் பொதிகளின் அளவும் பரவலுமே வேறுபடுகின்றன. 1975இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் தொடங்கி, பின்னர் விரிவாக்கப்பட்ட பகுப்பில் தோல் ஆறு வகையாகக் கொள்ளப்படுகிறது. தமிழருள் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையுள்ள வகைகளில் அடங்குவர். மெலனின் வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் குடை. ஆனால், சீரொளிக்கு முன் அதுவே இலக்காகிறது. மைக்குச் செல்ல வேண்டிய ஒளி, வழியில் மேல்தோலின் மெலனினால் பறிக்கப்படுகிறது. அளவு மிகுந்தால் கொப்புளம் எழும். ஆறியபின் அவ்விடம் கருக்கும் அல்லது வெளுக்கும். கருமை பெரும்பாலும் சில மாதங்களில் மங்கும். வெண்மை சிலருக்கு நிலைத்துவிடும்.

இதற்குத் தீர்வும் அக்கோட்பாட்டிலேயே உண்டு. அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறைகிறது. ஒளி செல்லும் ஆழமும் கூடுகிறது. ஆதலால், கருந்தோலில் கருப்பு மையை நீக்க 1064 நானோமீட்டர் ஒளியே பாதுகாப்பானது. குறைந்த ஆற்றலில் தொடங்குதல், தோலைக் குளிர்வித்தல், சோதனைப் புள்ளி இட்டுச் சில வாரம் காத்திருத்தல் ஆகியவையும் இன்றியமையாதவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆண்டு முழுதும் வெயில் உண்டு. எனவே, சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவ்விடத்தை வெயில் படாமல் மூடுவதும், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில்காப்புக் களிம்பு பூசுவதும் நமக்குக் கட்டாயம். வெட்டுக்காயம் ஆறிய இடத்தில் தடித்த தழும்பு வளரும் இயல்புடையோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பெயர் தெரியாமல் ஒளி பாய்ச்சலாகாது

தமிழில் தோலின் நிறமாற்றங்களுக்குப் பல சொற்கள் உள்ளன. பிறவியிலோ பின்னரோ தோன்றும் கரும்புள்ளி மச்சம். தோலுக்கு மேல் எழும்பி நிற்பது மரு. கன்னத்தில் படரும் பழுப்பு நிழல் மங்கு. பேச்சு வழக்கில் இவை அனைத்தையும் ‘கருப்பு’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறோம். மொழியில் இவ்விழப்பு சிறியதாகத் தோன்றலாம். மருத்துவத்தில் அது பெரிய பிழைக்கு வழிவகுக்கும்.

வெயிலால் மேல்தோலில் தோன்றும் பழுப்புப் புள்ளிகள் ஓரிரு அமர்வுகளிலேயே மங்கக்கூடும். மங்கு அவ்வாறன்று. அதற்கு வெயில்காப்பும் மருத்துவர் தரும் களிம்புமே முதல் வழி; சீரொளியால் அது திரும்ப வருவதும், முன்னினும் கருப்பதும் உண்டு. பிறவியில் தோன்றும் பால்காப்பி நிறத் திட்டு சிலருக்கு மறைந்து மீண்டும் தலைகாட்டும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு மூன்றும் ஒன்றுபோல் தோன்றும். விளைவோ மூன்றும் வெவ்வேறு.

இவற்றினும் கடுமையானது ஒன்று உண்டு. நிறமி உயிரணுக்களில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய், தொடக்கத்தில் சாதாரண மச்சம் போன்றே தோன்றும். கருந்தோலினரிடம் அது அரிது. வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய வெயில் படாத இடங்களில் வருவதே மிகுதி. புகழ்பெற்ற ஜமைக்கப் பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இவ்வகையே. 1981இல் தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அழகு கருதியோ, மச்சபலன் நூல்களில் கண்ட தீய பலனுக்கு அஞ்சியோ ஒரு மச்சத்தைச் சீரொளியால் நீக்கிவிட்டால், மேலே தெரியும் நிறம் போய்விடும். உள்ளே நோய் இருந்தால் அது தங்கிவிடும். வெட்டியெடுத்த மச்சத்தை நுண்ணோக்கியில் வைத்துத் திசுச்சோதனை செய்யலாம். ஒளியால் எரித்த மச்சத்தில் சோதிக்க ஒன்றும் எஞ்சாது. ஒளி நிறத்தை அறியும், நோயை அறியாது. நோயை அறிய வேண்டியது மருத்துவரின் கண். ஒரு பாதி மறுபாதிபோல் இல்லாமை, ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறங்கள் கலந்திருத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேல் பெருத்தல், நாளடைவில் மாறுதல் ஆகிய ஐந்தில் எது இருப்பினும், அழகு நிலையத்துக்கன்று, மருத்துவரிடமே செல்ல வேண்டும். உள்ளங்காலிலும் நகத்தடியிலும் புதிதாகத் தோன்றும் கருமைக்கும் இது பொருந்தும்.

செல்லுமுன் கேட்க வேண்டியவை

மலேசியாவில் அழகியல் மருத்துவம் செய்யும் மருத்துவர், சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்னும் தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும். அச்சான்றைக் காட்டுமாறு கேட்பது நம் உரிமை. சிங்கப்பூரில் மருத்துவரின் பதிவை மருத்துவ மன்றத்தின் பட்டியலில் எவரும் பார்க்கலாம். ஐயத்துக்குரிய மச்சத்தை முதலில் கிளினிக் கெசிஹாத்தானிலோ பாலிகிளினிக்கிலோ காட்டினால், தேவைப்படின் அவர்களே தோல் நிபுணரிடம் அனுப்புவர்.

கருவியின் முன் அமருமுன் நான்கு வினாக்களைக் கேட்கலாம். இத்திட்டின் பெயர் என்ன? எந்த அலைநீளத்தைப் பயன்படுத்துவீர்கள்? என் நிறத்தவர்க்கு இதை முன்னர் செய்திருக்கிறீர்களா? சோதனைப் புள்ளி இடுவீர்களா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிடின் எழுந்து வருவதே நன்று. சிகிச்சையின்போது நோயாளி, மருத்துவர், உதவியாளர் என அறையிலுள்ள அனைவரும் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும். 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் விழித்திரையைச் சுட்டுவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒளியும் நிறமும் பற்றிய பாடம் வரும் நாளில், கருப்புத் தாளையும் பழுப்புத் தாளையும் வெண்தாளையும் வெயிலில் வைத்து, சற்றுநேரம் கழித்து மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்புத்தாள் மிகுதியாகச் சுடும், பழுப்புத்தாள் இடைப்பட்டிருக்கும். நம் தோல் எந்தத் தாளைப் போன்றது என்று அவர்களையே சொல்லச் செய்யுங்கள். அதை உணர்ந்த மாணவர், நாளை பச்சை குத்திக்கொள்ளுமுன் ஒருமுறை எண்ணுவார். குத்திக்கொண்டவராயின், அதை நீக்கத் தகுதியுள்ளவரைத் தேடுவார். தம் தாயின் உள்ளங்காலில் புதிதாய் ஒரு கரும்புள்ளியைக் கண்டால், காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வார். அறிவியலைத் தாய்மொழியில் கற்பதன் பயன் இதனினும் வேறில்லை.